பனிப்புயல் செய்தியில் ஒற்றை எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையோரத்தைத் தாக்கிய பனிப்புயல் பற்றித் தங்கள் நாளிதழில் முதல் நாள் ‘இரண்டடி பனி கொட்டும்’ என்று செய்தி வந்தது. இரண்டாம் நாள் ‘கணிப்பு பொய்த்தது’ என்று போட்டிருந்தீர்கள். முதல் செய்தியைப் பார்த்து அங்கே வசிக்கும் பிள்ளைகளுக்குப் பதறிப்போய் போன் செய்த பெற்றோர், இரண்டாவதைப் பார்த்து இனி எந்த எச்சரிக்கையையும் நம்பப் போவதில்லை. குளிர்காலம் வந்தால் தூக்கத்தை விட்டுவிட்டு ராடாரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆட்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த ‘இரண்டடி’ எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உலக வானிலை மாதிரிகள் எனப்படும் கணிப்பு நிரல்களைக் கணினியில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓட்டுகிறார்கள். புயலுக்கு ஐந்தாறு நாள் முன்பு ஏதாவது ஓர் ஓட்டத்தில் பெரிய எண் விழும். எங்கள் வானிலை ஆர்வலர்களில் யாராவது உடனே அந்த எண்ணைக் காட்டும் வண்ணப் படத்தைப் பரப்பிவிடுவார். அடுத்த ஓட்டத்தில் அது பாதியாகக் குறைந்தால் அதைப் பரப்ப ஆளிருக்காது! இந்தப் படங்களில் பல, ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுபவை. உறைநிலையை ஒட்டி விழும் ஈரப்பனி அதில் பாதிதான் தேறும். கடுங்குளிரில் விழும் உலர்பனியோ பதினைந்து அங்குலத்தையும் தாண்டும்.

2015 ஜனவரிப் புயலையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் என்றார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8. ஆனால் அங்கிருந்து 80 கிலோமீட்டர்கூட இல்லாத லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9. புயல் வந்தது உண்மை, கனத்த பனிப்பட்டையின் மேற்கு விளிம்புதான் சற்று கிழக்கே தள்ளிப்போனது. இதைப் ‘பொய்த்தது’ என்று ஒரு சொல்லில் முடித்தால் ஐஸ்லிப்காரர் சிரிப்பார்.

அப்புறம், ஆர்வலர்கள் பரப்பும் படங்களைவிட, அவர்கள் வாசலில் நின்று சொல்லும் சேதிக்குத்தான் மதிப்பு அதிகம். ராடார் கற்றை தொலைவு போகப் போக மேலே ஏறிவிடும். 100 கிலோமீட்டர் தாண்டினால் அது பார்ப்பது தரைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் மேலே உள்ளதை. அதற்குக் கீழே ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு நுழைந்து பனியை உருக்கினால் ராடாருக்குத் தெரியாது. ஆனால் கீழே நிற்பவருக்குத் தெரியும். அதுவரை சத்தமில்லாமல் விழுந்தது, ஜன்னலில் மணலை வாரி இறைத்தது போலச் சடசடக்கும். உருகிய துளி மீண்டும் உறைந்து ஸ்லீட்டாக, அதாவது சின்னச் சின்ன ஐஸ் மணிகளாக, விழுகிறது என்று அர்த்தம். தெற்கே உள்ள ஒருவர் அப்படிச் சொன்னால், அந்த வெதுவெதுப்பு தன் பக்கமும் வரலாம் என்று வடக்கே இருப்பவர் தன் ஊருக்கான எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம்.

அளப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. வெள்ளையடித்த பலகையில் சேர்ந்த பனியை அளந்துவிட்டுத் துடைக்க வேண்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது. மணிக்கொரு தரம் துடைத்து அளந்து கூட்டினால், பனி தன் எடையிலேயே அமுங்கும் கணக்கு விட்டுப்போய் மொத்தம் ஊதிவிடும். ‘எங்கள் வீட்டில் மூன்றடி’ என்பவரிடம் எப்படி அளந்தார் என்று நிருபர் ஒரு கேள்வி கேட்டாலே பாதி சிக்கல் தீரும்.

எனவே அடுத்த புயலின்போது, அமெரிக்க தேசிய வானிலை சேவை தரும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு இரண்டையும் போடுங்கள். பனி எந்த ஊரோடு நின்று மழையாக மாறும் என்று ஒரு வரி சேருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வெளியான கணிப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். ஐந்து நாள் பழைய வண்ணப் படத்துக்கு முதல் பக்கத்தில் இடம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்