பழப்புளியும் பிளம்ஸும்

கொக்குவில்,
மார்கழி 9

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு. மூன்று கிழமையாக நீ அனுப்புகிற வீடியோ எல்லாம் நாய்க்குட்டியுடையதுதான். வடிவான குட்டி. ஆனால் நேற்று வந்ததில் அது குசினி மேசையில் கால் வைத்து நிற்கிறது. மேசையில் கழுவாத கோப்பையும் ரிச் கேக் பெட்டியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேக்கில் உள்ள பிளம்ஸ், அதுதான் காய்ந்த முந்திரிகைப்பழம் (திராட்சை), எனக்குப் பெரிய பயம். பிளம்ஸ், முந்திரிகைப்பழம் இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு தின்றால் பரவாயில்லை என்று ஓர் அளவு இல்லை. முதல் நாள் சத்தி, பிறகு ஒன்று தொடக்கம் மூன்று நாளுக்குள் மூத்திரம் குறையும். அந்தப் பழங்களிலுள்ள தார்த்தாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். எங்கள் பழப்புளியிலும் அது நிறைய. அம்மா அனுப்பின ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினால் சட்டியை வழித்து அதற்கு வைக்காதே. ரசமும் மீன்குழம்பும் அப்படித்தான். கூழ் காய்ச்சினாயா? மா வந்து சேர்ந்ததென்றுகூட நீ சொல்லவில்லை.

குட்டி பத்துக் கிலோ என்று வைத்தால், கறுப்புச் சொக்லேற் 40 கிராமே சத்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவரும். பால் சொக்லேற் என்றால் 100 கிராம் அளவில். சீனியில்லாத சுயிங்கத்தில் உள்ள சைலிற்றோல் அதைவிடக் கொடியது. ஒரு கிராம் போதும், அரை மணித்தியாலத்தில் இரத்தச் சீனி விழும். உன் கைப்பையை நிலத்தில் வைக்காதே. சின்ன வயதிலிருந்து சொல்கிறேன்.

வெங்காயமும் உள்ளியும் சமைத்தாலும் நஞ்சுதான். செங்குழியங்களை உடைக்கும். சில நாள் கழித்துத்தான் தெரியவரும்: பல் முரசு வெளிறும், மூத்திரம் தேத்தண்ணி நிறமாகும். வெங்காயம் கிலோ நிறைக்கு 15 கிராம் போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் சேரும்.

எங்கள் நாய் ரைகர் வயது போய்ச் செத்தது என்று உனக்குச் சொன்னேன். அப்படி இல்லை. அக்காவின் கலியாணவீட்டுக்குப் பிறகு மிஞ்சின வெங்காயக் குழம்பைத்தான் அதற்கு மூன்று நாளாகப் போட்டோம். மூத்திரம் கறுத்தபோது உண்ணிக்காய்ச்சல் என்று முடிவுகட்டி ஊசி போட்டேன். ஊரார் நாயைக் கொண்டுவந்தால் முதல் கேட்கிற கேள்வி, என்ன தின்றது என்பது. அதை என் வீட்டில் கேட்கவில்லை. நீ கேற்றடியில் அழுதுகொண்டு நின்றாய். உன்னையும் ஒன்றும் கேட்காமல் வேலைக்குப் போய்விட்டேன்.

தின்றுவிட்டால் சத்தி வருமட்டும் பார்த்துக்கொண்டிராதே. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி, உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போ. உப்புத்தண்ணி பருக்காதே, உப்பே நஞ்சாகும். வீட்டில் இரண்டு பேர் என்றால் யார் எதைக் கொடுத்தது என்று இருவருக்கும் தெரியவேண்டும். மருமகனும் சாப்பாடு வைக்கிறவரா? வீடியோவில் அவரின் சத்தம் கேட்கவில்லை.

கேக் பெட்டியை மேல் தட்டில் வை. குட்டியை நிறுத்து நிறையை எழுதி அனுப்பு, அளவெல்லாம் சரியாகக் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். உன்னுடைய நிறையையும் எழுது பிள்ளை. கையை மட்டும்தான் கண்டேன், மெலிந்திருக்கிறது.

அப்பா