யாருக்குப் போட்டாய் என்று சொல்லாதே

உச்சப்பட்டி முகாம்,
திருமங்கலம்.
6.10.2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கண் காட்ட மதுரைக்கு வந்த அத்தையின் சிநேகிதி நாளைக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் கதைத்தால் என்ன என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், தம்பி நடுவில் புகுந்துவிடுவான், உன் பக்கத்தில் மாமா இருப்பார். அதோடு நீதான் இப்போது எடுப்பதே இல்லையே. ‘வேலையில இருக்கன், பிறகு எடுக்கிறன்’ என்று செய்தி மட்டும் வருகிறது. அரிசி ஆலைக் கணக்கு என்றால் வேலை இருக்கும்தான். அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதே.

பையில் நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கிறது, அம்மா போட்டது. அத்தைக்கு ஒரு சுங்குடிச் சேலை, மாமாவுக்கு ஒரு வேட்டி. வேட்டியை நீயே உன் கையால் கொடு. கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

அங்கே இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இவ்வளவு நாளாகியும் இங்கே அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. 21ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மேல் ஊரடங்கு என்று செய்தி வந்ததும் எனக்கும் அம்மாவுக்கும் தூக்கம் போய்விட்டது. ‘ஒரு கலவரமும் இல்லப்பா, சும்மா முன்னெச்சரிக்கைக்குப் போட்டிருக்காங்க’ என்று தம்பி போனைப் பார்த்து வாசித்தான். அவன் திருமங்கலத்தில் பிறந்தவன், அவனுக்கு அது ஒரு செய்தி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அம்மா எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். உச்சப்பட்டியில் யார் வரப்போகிறார்கள்? இருந்தாலும் போட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெயிண்டிங் வேலைக்கு யாரும் போகவில்லை. முதல் எண்ணிக்கையில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற ஜே.வி.பி. தலைவர் அநுரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76. ஒருவருக்கும் பாதி தேறவில்லை. இலங்கையில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணப்போகிறார்கள் என்றதும் ஆளுக்கு ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டே இல்லாத சனத்துக்கு எவ்வளவு கணக்கு! போன தேர்தலில் இதே அநுரவுக்கு 3.16 வீதம்தான் கிடைத்தது. ஐந்து வருஷத்தில் எங்கே இருந்து எங்கே வந்துவிட்டார் என்று பொடியன்கள் வாயைப் பிளந்தார்கள். அதுவரை ஜனாதிபதியாக இருந்த ரணிலுக்குச் சின்னம் காஸ் சிலிண்டர் என்று கேட்டு நம் லைன் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற கதையை எல்லாம் அத்தை போனில் அழுது சொல்லிக் கேட்டவர்கள் அல்லவா.

பெரியவர்கள் பக்கம் சிரிப்பு இல்லை. மூலை வீட்டுத் தாத்தா சங்குக்காரர். சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ் வேட்பாளர் அரியநேத்திரனுக்கு விழுந்தது 2,26,343 வாக்கு, அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ‘இவ்வளவு பேர் நிக்கினம்’ என்று எடுத்து எடுத்துக் காட்டுகிறார். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டு 2006இல் தீர்ப்பு வாங்கியது ஜே.வி.பி.தானே, இன்றைக்குத் திசைகாட்டி பிடித்தால் மறந்துவிடுமா என்று கேட்கிறார். அதற்கும் பதில் வந்தது. பின் லைன் ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘71இலயும் 89இலயும் கிளர்ச்சி எண்டு அவையின்ர பிள்ளையளையும்தான் ஆமி சுட்டு எறிஞ்சவங்கள். அந்தத் தாய்மாரும் அழுததுதான்’ என்றாள். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அப்புறம் ஒரு பொடியன், ‘இவர் வந்தா நமக்குப் பாஸ்போர்ட் சீக்கிரம் குடுப்பாங்களா?’ என்று கேட்டான். இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் தேர்தல்.

கப்பலூர் டீக்கடையில் வேறு கூத்து. ‘என்னண்ணே, உங்க ஊர்ல நம்ம ஆளு ஜெயிச்சுட்டாராமே!’ என்று மாஸ்டர் எனக்கு ஓசி டீ கொடுத்தார். அவர் தோழர். மதுரைக்கு எம்.பி. அவர் கட்சி, கொழும்பிலும் சிவப்பு என்றால் அவருக்குச் சந்தோஷம் இருக்காதா? கூலிக்காரன் மகன் ஜனாதிபதி ஆகிவிட்டான் என்று கடையில் எல்லோருக்கும் சொன்னார். அது உண்மையும்கூட. நான் 2006ஐச் சொல்லவா, ஆச்சி சொன்னதைச் சொல்லவா? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மகள், நான் சொல்ல வந்தது இது. யாருக்குப் போட்டாய் என்று யாரிடமும் சொல்லாதே. ஆலையில் சொல்லாதே, பஸ்ஸில் சொல்லாதே, கோயிலில் சொல்லாதே. மாமா தான் சங்குக்குப் போட்டதைக் கூப்பிட்டுச் சொல்லட்டும், அவர் அந்த ஊரிலேயே இருந்தவர், அவருக்கு நாலு ஆட்கள் உண்டு. நீ ‘இந்தியாவில இருந்து வந்த பிள்ளை’. நம் ஊரில் இன்றைக்கு நல்லது என்று சொன்ன வாயை நாளைக்கு வேறு ஒருவன் வந்து ஏன் சொன்னாய் என்று கேட்பான். பெரியப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். அவர் என்ன பெரிதாகச் செய்தார்? ஒரு போஸ்டர் ஒட்ட வாளி கொடுத்தார். அவ்வளவுதான்.

உனக்கு இதெல்லாம் பழைய கதை. காலம் மாறிவிட்டது அப்பா என்பாய். மாறியிருக்கலாம். மாறாவிட்டால்?

பேஸ்புக்கில் நீ போட்டதை நான் பார்த்தேன். எனக்கு அதில் கணக்கு இல்லை, அடுத்த வீட்டுத் தம்பி காட்டினான். மை வைத்த விரல், பக்கத்தில் திசைகாட்டிப் படம், கீழே ‘அப்பா, இனி நீங்கள் வரலாம்’ என்று ஒரு வரி. அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வருவதற்குள் காணவில்லை. அந்தத் தம்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான், எடுத்துட்டாங்க போல அங்கிள் என்றான். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. போட்டோ என்று சொல்லி அவளைக் கூப்பிட்டேன், என்ன போட்டோ என்று கேட்டபோது தம்பியின் காலேஜ் போட்டோ என்று சமாளித்தேன்.

உன் மேல் கோபம் இல்லை. உன்னை நினைத்தால் எனக்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லை. 2022இல் ஊர்ச்சனம் படகேறித் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, நீ இங்கே பி.காம். முடித்துவிட்டு, நான் அங்கே போகிறேன் என்று நின்றாய். முகாமே உனக்குப் பைத்தியம் என்றது. நானும்தான் கத்தினேன். இங்கே எவ்வளவு படித்தாலும் கவர்மென்ட் வேலைக்கு மனுப் போட முடியாது, கடைசியில் பிரஷ்தான் என்று நீ சொன்னாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு நம் வீட்டில் ஓட்டுப் போட்ட ஒரே ஆள் நீ.

எனக்கு இந்த வயது வரை ஒரு ஓட்டும் கிடையாது. 88இல் அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது எனக்கு வயது வந்திருந்தது, ஆனால் வீட்டை விட்டு யார் வெளியே போனார்கள்? அதற்குப் பிறகு 90இல் மறுபடி சண்டை. இங்கே வந்து நான் வரையாத சின்னம் கிடையாது. உனக்கு நினைவிருக்கும், சின்னப் பிள்ளையாகச் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாய். முதலில் சுவருக்கு வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி இடத்தைப் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக அடுத்தவன் பிடித்துவிடுவான். உதயசூரியனுக்கு மலை இரண்டையும் முதலில் போட்டுவிட்டால் சூரியன் தானாக உட்கார்ந்துவிடும். இரட்டை இலைக்கு நடு நரம்புதான் வேலை, நரம்பு கோணினால் வெற்றிலை மாதிரி ஆகிவிடும். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ‘அண்ணே, ஓட்டு நமக்குத்தானே’ என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்வேன். முகாம் ஆள் என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

இந்த ஏப்ரலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் ஒரு பெண் ஓட்டுப் போட்டாளே, அன்றைக்கு நம் முகாமில் எல்லோரும் பிறந்த வருஷத்தைப் பார்த்தார்கள். அவள் மண்டபத்தில் 86இல் பிறந்தவள். 87 ஜூலைக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தால் இந்தியர். நீ திருமங்கலம் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தும் கணக்கில் வரவில்லை. 2019இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்திலும் நம்மைச் சேர்க்கவில்லை. திருமங்கலத்தில் பிறந்த நீ அங்கே நம் ஊர் முருங்கனில் ஓட்டுப் போடுகிறாய். முருங்கனில் பிறந்த நான் மாதம் ஒரு நாள் செக்கிங்குக்கு நின்று கையெழுத்துப் போடுகிறேன். சரி, அதை விடு.

நீ வரச் சொல்வது பற்றி. இப்போது முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் இங்கே மாதாமாதம் கிடைக்கிறது. தம்பிக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. புது வீடு கட்டித் தருகிறார்கள், அந்த நேரம் பார்த்து நாம் இல்லையென்றால் பெயர் விட்டுப்போகும். அடுத்த மாதம் 14ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல் வருகிறது, அது எப்படிப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இதெல்லாம் காரணம்தான்.

அம்மாவிடம் சொல்லாதே, எனக்கு அங்கே வரப் பயமாக இருக்கிறது. ஆமிக்காரனுக்குப் பயந்து இல்லை. கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் எந்தப் பக்கம் பிரியும் என்று இப்போது யோசித்தால் சரியாக வரவில்லை. ஹார்விப்பட்டியில் எந்த வீட்டுச் சுவரில் எந்த வருஷம் ஈரம் ஏறியது என்று கேள், தூக்கத்தில் சொல்வேன். அங்கே வந்தால் நான் என்ன வேலை செய்வேன்? என்னோடு படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நான் பிறந்த ஊரில் நீ கையைப் பிடித்து எனக்கு வழி காட்ட வேண்டும். அதை நினைத்தால் இங்கேயே சாரம் கட்டி ஏறிவிடலாம் போல இருக்கிறது. முழங்கால்தான் ஏற விடவில்லை.

அம்மாவுக்கு வர விருப்பம். வாயால் சொல்ல மாட்டாள். காணி உறுதிப் பத்திரத்தை அந்தப் பழைய பொலித்தீன் பையில் இருந்து எடுத்து இந்த வாரம் வெயிலில் காய வைத்தாள். மழை வரப்போகிறது, பூஞ்சணம் பிடிக்கும் என்றாள்.

வயலைப் பற்றி மாமாவிடம் நீ பேச்செடுக்காதே. காலபோகத்துக்கு இப்போது உழத் தொடங்கியிருப்பார். செய்யட்டும். இவ்வளவு காலம் அவர் செய்யாவிட்டால் அது காடாகிப் போயிருக்கும். அரசாங்கக் கச்சேரியில் போய் ஒன்றும் விசாரிக்காதே, கிராம அதிகாரி விதானையிடமும் கேட்காதே. அது அப்பாவுக்கும் மாமாவுக்கும் உள்ளது. நீ அவர் வீட்டில் சாப்பிடுகிறாய். இருட்டிய பிறகு பஸ்ஸில் வராதே. யாருக்குப் போட்டாய் என்று சொல்லாதே.

14ஆம் தேதியும் போய் ஓட்டுப் போடு. காலையிலேயே போ. அத்தையோடு சேர்ந்து போ, ஆனால் உள்ளே போய் உன் இஷ்டத்துக்குப் போடு. வந்து படம் போடாதே.

ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து ஒரு நாள் வெயிலில் வை, பயணத்தில் வேர்த்திருக்கும்.

இன்னும் ஒன்று. அந்த வரியை ஏன் எடுத்தாய்? நீயாக எடுத்தாயா, யாராவது எடுக்கச் சொன்னார்களா? யாரோ வெளியாள் சொன்னார்களா, வீட்டில் சொன்னார்களா? வெளியாள் என்றால் உடனே மன்னாரில் அம்மாவின் சித்தி வீட்டுக்குப் போய்விடு, ஆலை வேலை போனாலும் போகட்டும். மாமா என்றால் நான் அவரோடு கதைக்கிறேன், எப்படிக் கதைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்ல வேண்டாம். ஒரு காகிதத்தில் எழுதிப் படம் எடுத்துத் தம்பியின் நம்பருக்கு அனுப்பு. அம்மாவின் போனுக்கு அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா