பார்க்கிறவர்களும் வாங்குகிறவர்களும்

ஈரோடு
18.1.2026

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. கடையில் அன்று நிமிர நேரமில்லை, அதனால்தான் தாமதம். உன் மனைவிக்கு மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியது நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மா சுகம். காது மட்டும் மந்தமாகிவிட்டது. ஆனால் சீட்டுக்காரர் வாசலில் பேசினால் உள்ளறையிலிருந்தே பதில் சொல்கிறார். சின்னவன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டான்.

மீதிக் கடிதம் முழுவதும் உன் மகளைப் பற்றிய புலம்பல். வங்கி வேலையை உதறிவிட்டு, நான்கைந்து இளைஞர்கள் நடத்தும் சமூக ஊடக விளம்பர நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரீல்ஸ் என்று குட்டி வீடியோ போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறாய். வேறு யார் கேட்டாலும் சரி, நீ கேட்கலாமா? பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் காலம் முழுவதும் உழைத்தவன் நீ. கடை கடையாக ஏறி இறங்கி, பத்தி சென்டிமீட்டர் கணக்கில் இடம் விற்றாய். ஆடித் தள்ளுபடி நேரத்தில் முதல் பக்கத்துக்கு நீ சொன்ன விலையைக் கேட்டு என் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தது எனக்கு மறக்கவில்லை. உன் மகளும் இடம்தான் விற்கிறாள். ஆனால் அவள் விற்கும் இடத்துக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதை அந்தச் செயலியை நடத்துகிறவன் தினமும் மாற்றிக்கொண்டே இருக்கிறான். அந்த வகையில் அவள் பாடு உன்னைவிடக் கஷ்டம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவன் கல்லூரியில் படிக்கும்போது கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தான். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம் என்று படம் போடுவோம். காசு கொடுக்காமலே ஊர்க்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு மெல்ல மெல்ல வற்றியது. அதே படம், அதே பக்கம், பார்ப்பவர்கள் மட்டும் இல்லை. பக்கத்திலேயே ‘பூஸ்ட்’ என்று ஒரு பொத்தான். பணம் கட்டினால் பார்க்க ஆள் வரும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தலைவர் ஸக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார்: குடும்பத்தாரும் நண்பர்களும் போடுவதற்குத்தான் முன்னுரிமை, நிறுவனங்களும் ஊடகங்களும் போடுவது இனிக் குறைவாகத்தான் தெரியும் என்று. உங்கள் பத்திரிகைக்காரர்கள் அப்போது அடித்துக்கொண்ட மாரடிப்பு எனக்குத் தெரியும்.

அந்த முன்னுரிமை என்ன ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். டிக்டாக்கின் சூத்திரம் எளிது. உனக்கு யாரைத் தெரியும் என்று அது கேட்காது. எதைப் பார்த்து விரல் நிற்கிறது என்று மட்டும் கவனிக்கும். எல்லோரும் அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கிப் போட்டியை ஒழித்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மீது தொடுத்த வழக்கு கடந்த ஆண்டு விசாரணைக்கு வந்ததே, கவனித்தாயா? அதில் மெட்டா தன் சார்பில் எடுத்துவைத்த கணக்கு இது: அமெரிக்கர்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதம்தான் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பதற்குப் போகிறது; இன்ஸ்டாகிராமில் 7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதி வீடியோ, அதிலும் முன்பின் தெரியாதவர்கள் போட்டது. ஆகவே எங்கள் போட்டி டிக்டாக்கோடும் யூடியூபோடும்தான், நாங்கள் ஏகபோகம் இல்லை என்று வாதாடினார்கள். நவம்பரில் நீதிபதி போஸ்பெர்க் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். உறவையும் நட்பையும் சொல்லி ஆள் சேர்த்த நிறுவனம், அதெல்லாம் இப்போது எங்களிடம் அதிகம் இல்லை என்று காட்டி வழக்கில் ஜெயித்திருக்கிறது.

ஆள் சேர்ப்பதும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மெட்டாவின் செயலிகளில் ஏதாவது ஒன்றையாவது நாள்தோறும் திறக்கிறவர்கள் 330 கோடிக்கு மேல். 2024இல் அந்த நிறுவனத்தின் வருவாய் 16,400 கோடி டாலரைத் தாண்டியது. அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரப் பணம். உலகத்து ஜனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு உள்ளே வந்தாகிவிட்டது என்றால், அடுத்த வளர்ச்சி அதே ஆளை இன்னும் பத்து நிமிடம் உட்கார வைப்பதில்தான் இருக்கிறது. என்னைப் போன்ற வியாபாரி கொடுக்கும் காசு அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

அந்த நிமிடங்களில் என்ன விற்கிறது? இரண்டு வருடம் முன்பு ஒரு விளம்பர நிறுவனத்துப் பையன்கள் வந்து, பவானியில் குழித்தறி என்னும் கைத்தறியில் ஜமக்காளம் நெய்வதை அழகாகப் படம் எடுத்துப் போட்டார்கள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ கைகூப்பும் பொம்மைகளும் இதயங்களும் கொட்டின. தொலைபேசியில் வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது, இதையே பாதி விலைக்கு ஒருவர் தருகிறாரே, நீங்கள் ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள் என்பது. அந்த ஒருவர் விற்பது விசைத்தறிச் சரக்கு. கைத்தறியைக் கையில் எடுத்தால் கனமும் நெருக்கமும் உடனே தெரியும். கைபேசித் திரையில் இரண்டும் ஒரே பட்டை, ஒரே சிவப்பு. போதாக்குறைக்கு அந்தக் கனத்துக்கே கூரியர்க்காரன் தனிக் காசு கேட்பான். பையன்கள் மாதக் கடைசியில் ‘ரீச்’ (எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது) இவ்வளவு என்று வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை அனுப்பினார்கள். கல்லாவில் அதற்கு ஈடாக ஒன்றும் விழவில்லை. பார்ப்பதே வருமானம் என்றால் கதை வேறு. புதுக்கோட்டைப் பக்கம் வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டார்கள், தமிழில் அதுவே முதல் தடவை. அவர்களுக்குப் பார்வையாளரே விளைச்சல். நான் ஜமக்காளம் விற்க வேண்டுமே.

விற்றுக் கொடுப்பது வேறு ஆட்கள். எங்கள் கடையில் மொத்தமாக எடுக்கும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள்: ஓர் ஆசிரியை, தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தர், கரூரில் ஒரு குடும்பத் தலைவி. படத்தை நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவோம், அவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து விலை போட்டு ஸ்டேட்டஸில் வைப்பார்கள். பார்ப்பது இருநூறு முந்நூறு பேர்தான். ஆனால் அத்தனை பேரும் தெரிந்தவர்கள். “அக்கா, அந்தப் பச்சை இருக்கிறதா” என்று ஒரு வரி, கைபேசியில் பணம், மறுநாள் பார்சல். பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் கிழிசல் புகாரை ஏற்போம் என்று சட்டம் வேறு அவர்களே போட்டுக்கொண்டார்கள். சாயம் போனால் அந்த அக்கா வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதுதான் வாங்குகிறவளின் தைரியம். கையால் தொட்டுப் பார்க்க முடியாத குறையை அந்தப் பழக்கம் ஈடுகட்டுகிறது. மீஷோ என்ற பெங்களூர் நிறுவனம் 2015இல் தொடங்கி வளர்ந்தது இப்படிப்பட்ட பெண்களை நம்பித்தான்.

அந்த வாசலிலும் கைவைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரும் விளம்பரமே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர்கள். 2014இல் ஃபேஸ்புக்குக்கு 1,900 கோடி டாலருக்கு விற்றார்கள், பிறகு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். போன வருடம் ஜூனில், ஸ்டேட்டஸ்களுக்கு நடுவிலும் விளம்பரம் வரும் என்று மெட்டா அறிவித்துவிட்டது. கரூர் அம்மாவின் பச்சை ஜமக்காளத்துக்கும் தையல்காரரின் போர்வைக்கும் இடையில் இனி ஏதோ ஒரு கார் நிறுவனம் வந்து நிற்கும்.

பொருட்களைப் புகழ்ந்து வீடியோ போடும் சமூக ஊடகப் பிரபலங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு பேர் என்னிடமும் வந்தார்கள், இலவசமாகச் சரக்கு கொடுத்தால் பேசுகிறோம் என்று. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நான் அதை நினைவுபடுத்தியதும் ஒருவர் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். செய்தி மாதிரியே அமைத்த விளம்பரத்தின் தலையில் ‘விளம்பரம்’ என்று சின்ன எழுத்தில் போடச் சொல்லி நீ ஆசிரியர் குழுவோடு சண்டை பிடித்தவன்தானே? உன் மகளுக்கு அந்தக் கதையைச் சொல். அவளுக்கு அது தினமும் தேவைப்படும்.

வேலையை விடச் சொல்லாதே. முதலாளிகளுக்கு அவள் அறிக்கை அனுப்பும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்று ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல். என்னிடம் அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தால் கேட்ட கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்பேன். செட்டியார் வம்சம் இல்லையென்றாலும் எனக்கும் கணக்கு தெரியும்.

முடிந்தால் ஒரு திங்கட்கிழமை அவளை இங்கே அனுப்பு. கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை அன்று இரவே தொடங்கிவிடும், செவ்வாய் வரை நடக்கும். கேரளா, ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் துணியைக் கசக்கிப் பார்த்து வாங்குவதை ஓரமாக நின்று கவனிக்கட்டும். வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், என் மனைவி இப்போதே அறையை ஒழிக்கத் தொடங்கிவிட்டாள்.

மாசியில் உன் தங்கை மகன் கல்யாணத்துக்கு ஜமக்காளம் கேட்டிருந்தாயே, எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று எழுதவில்லை. பந்திக்கா, மேடைக்கா என்பதையும் சேர்த்து எழுது. பவானியில் சொல்லி வைக்க வேண்டும், தறிக்காரர் அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்வார்.

அன்புடன்,
முருகேசன்