வின்ச்சைப் பட்டறைக்குக் கொடுக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. சித்தப்பா கேட்டிருந்த ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைக்கிறேன். உன் தார் ஜீப்புக்கு, சேற்றில் சிக்கினால் ரோப்பைச் சுற்றி இழுத்து மீட்கும் வின்ச் ஒன்றை வாங்கிவிட்டதாகவும், பட்டறைக்காரர் பம்பரின் மேலேயே ஒரு தகட்டை வெல்டிங் செய்து பொருத்தித் தர ஒப்புக்கொண்டதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நாள் குறித்திருந்தால் தயவுசெய்து தள்ளிவை.

வின்ச் வாங்கியது நல்ல காரியம். ஆனி, ஆடி மழையில் உன் ஏலத்தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்பதை, ஜோசப் அண்ணனின் கமாண்டர் ஜீப்பை விடிய விடியத் தள்ளிய எனக்கு நீ சொல்லத் தேவையில்லை. 9,500 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 4,300 கிலோ இழுக்கும் வின்ச்சைத் தேர்ந்தெடுத்ததும் சரியே. சுமையோடு சேர்த்த வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுதிறன் வேண்டும் என்பது பொது விதி. ஆளும் மூட்டையும் ஏறினால் உன் வண்டி இரண்டு டன்னைத் தாண்டிவிடும். முதல் தடவையாக உன் கணக்கு என் கணக்கோடு ஒத்துப்போயிருக்கிறது. கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் இனிப்பு வழங்கியிருப்பார்.

ஆனால் அந்த 4,300 கிலோ விசை எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பார். ரோப்பின் ஒரு முனையை மரம் பிடித்திருக்கிறது. மறுமுனையை, ரோப் சுற்றிக்கொள்ளும் வின்ச்சின் டிரம் பிடித்திருக்கிறது. டிரம்மை நான்கு போல்ட்டுகளும், போல்ட்டுகளைத் தகடும் பிடித்திருக்கின்றன. அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸாக இருந்தால் வண்டி மேலே வரும். பம்பராக இருந்தால், மோதலின்போது மடங்கி விசையை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளிடம் வண்டியின் முழு எடையையும் இழுக்கச் சொல்கிறாய். அதிலும் ரோப் எப்போதும் நேராக இழுப்பதில்லை. வளைவில் சிக்கிய வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது தகட்டை முறுக்கும் விசையும் சேர்ந்துகொள்கிறது.

பக்கத்து எஸ்டேட்டில் சென்ற மழைக்காலத்தில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். வெல்டிங் ஒரு பக்கம் விட்டுவிட, வின்ச் தகட்டோடு திரும்பித் தொங்கியது. கம்பி ரோப் தளர்ந்து சீறிய இடத்தில் நல்லவேளையாக யாரும் நிற்கவில்லை. உன் மகன் வண்டிக்கு முன்னால் நின்று கைகாட்டுவான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே, சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களோடும் போல்ட் போட்டு இணையும், குறைந்தது 6 மில்லிமீட்டர் கனமுள்ள, உன் வண்டி மாடலுக்கென்றே செய்த தகட்டை வாங்கு. அது பம்பருக்குப் பின்னால் மறைந்து உட்காரும். இந்த அளவு வின்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்போல்ட் இடைவெளி 254க்கு 114.3 மில்லிமீட்டர்தான், ஆனாலும் தகட்டை வின்ச்சின் மேல் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடு. வின்ச்சோடு வந்த போல்ட்டுகளைத் தவிர வேறு எதையும், குறிப்பாகக் கடையில் சும்மா கிடக்கும் மரையாணிகளை, போட விடாதே. சேசிஸில் புதிதாகத் துளை போட வேண்டும் என்று சொன்னால், மேல், கீழ் விளிம்புகளில் போடக் கூடாது. வளைவின் அழுத்தம் முழுவதையும் தாங்குபவை அவைதான். எங்காவது வெல்டிங் தவிர்க்க முடியாததானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே தொடங்கச் சொல். வின்ச்சின் கிளட்ச் நெம்புகோல் கைக்கு எட்டுகிறதா, ரேடியேட்டருக்குப் போகும் காற்று மறைகிறதா என்பதையும் பொருத்தும் முன்பே பார்த்துக்கொள்.

பழைய பம்பரைக் கழற்றிவிட்டுக் கனத்த இரும்பு பம்பர் போடலாம் என்று பட்டறைக்காரர் மாற்று யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பது, மோதலில் வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்துதான் முடிவாகிறது; முன்பகுதியின் விறைப்பு மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும். மேலும், 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய முன்தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைத்தான் அது சுட்டியது. சோதனைச்சாவடியில் நிற்கும்போது உனக்கு வரும் கோபத்தை நான் அறிவேன்.

ரோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பி ரோப்பை மாற்றிச் செயற்கை இழை ரோப் போட்டுக்கொள். முன்சக்கரங்களுக்கு முன்னால் தொங்கும் எடை குறையும். அறுந்தாலும் கம்பியைப் போல அவ்வளவு மூர்க்கமாகப் பாயாது. ஆனால் வெயிலும் கூர்மையான பாறையும் அதற்கு ஆகாதவை என்பதால் மூடிவைக்க வேண்டும். ரோப் வெளியே வரும் வாயிலிருக்கும் உருளை வழிகாட்டியில் கம்பி கீறிய தடங்கள் புது ரோப்பை அரிக்கும். எனவே வழவழப்பான அலுமினிய வழிகாட்டியையும் சேர்த்து வாங்கு. முழுச் சுமையில் மோட்டார் 400 ஆம்பியர் வரை இழுக்கும். வயரைப் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்து, நடுவில் துண்டிப்பு சுவிட்ச் ஒன்றும் வை. இன்ஜினை ஓடவிட்டு, சிறிது சிறிதாக இழுத்து, இடையே மோட்டாரை ஆறவிடு.

சேசிஸின் முன்முனைகள் இரண்டையும், பம்பரைக் கழற்றிய பிறகு, படம் எடுத்து எனக்கு அனுப்பு. துளைகளுக்கு இடையிலான அளவுகளையும் எழுது. கோவையில் தகடு செய்பவர் ஒருவரிடம் காட்டி விலை கேட்டுச் சொல்கிறேன். அதுவரை பட்டறைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதே. கொடுத்துவிட்டாயென்றால், அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
தனபால்