டயட்டம் ஓடும் உருகிய பனியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடி உன் கைப்படவே எழுத ஆரம்பித்துவிட்டாய் என்பதைப் பார்த்ததும் மனசு லேசானது. மகள் வேதியியல் எடுத்துப் படிக்கிறாள் என்ற செய்தியில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று நினைக்கிறேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

கடைசிப் பத்தியில் ஒன்று கேட்டிருந்தாய். ஃபோராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிரியின் ஓட்டை வைத்து எல்லாரும் பழைய கடலின் வெப்பநிலையைச் சொல்லிக்கொண்டிருக்க, சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசியான டயட்டத்தோடு உனக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று. அதற்குப் பதில் எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன்.

ஃபோராமினிஃபெரா கிடைக்கிற இடத்தில் நானும் அதைத்தான் எடுப்பேன். அது கால்சியம் கார்பனேட். அமிலத்தில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதிலுள்ள கனமான, லேசான ஆக்சிஜன் விகிதத்தை அளந்துவிடலாம். 1947-ல் ஹரால்ட் யூரே இதன் அடிப்படையை விளக்கினார், 1955-ல் எமிலியானி அதைக் கொண்டு பனியுகங்களின் கடலையே படித்துக் காட்டினார். ஆனால் அன்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் நிலைமை வேறு. அங்கே ஆழத்தில் இருக்கும் குளிர்ந்த நீர் கார்பனேட்டைக் கரைத்துவிடுகிறது. வண்டலில் மிஞ்சுவது பெரும்பாலும் டயட்டம் ஓடுதான். கண்டத்தைச் சுற்றி ஒரு பட்டை போலவே அது படிந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய பனிப்பாளம் எப்போது, எவ்வளவு உருகிக் கடலில் கலந்தது என்று கேட்க வேண்டிய இடமும் அதுதான். அங்கே நமக்கு வேறு சாட்சி அதிகம் இல்லை.

அடிப்படை உனக்குத் தெரிந்ததே. ஆக்சிஜனில் 99.76 சதவீதம் எடை 16, சுமார் 0.2 சதவீதம் எடை 18. டயட்டம் தன் சிலிக்கா ஓட்டைக் கட்டும்போது நீரில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கனமான ஆக்சிஜன் உள்ளே போகிறது. நீர் குளிரக் குளிர அந்தக் கூடுதல் ஏறுகிறது. வண்டலில் கிடைக்கும் ஓடுகளில் அது கடல்நீரைவிட ஆயிரத்துக்கு 40-ஐத் தாண்டுகிறது. இதை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று 1974-ல் எழுதியவர் லோரான் லாபேரி. சொல்வதற்கு இவ்வளவுதான். பாடு எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் பாடு சுத்தம் செய்வது. வண்டலை ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டுக் கரிமப் பொருளை நீக்கி, அமிலத்தில் கார்பனேட்டைக் கரைத்து, மைக்ரான் அளவுச் சல்லடைகளில் சலித்து, பிறகு சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற அடர்த்தி மிகுந்த கரைசலில் விட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம். டயட்டம் ஓடு லேசானது, மிதக்கும். குவார்ட்ஸும் மற்ற தாதுத் தூளும் கீழே போகும். ஆனாலும் ஓட்டின் நுண்துளைகளில் களிமண் ஒட்டிக்கொண்டே இருக்கும். இங்கேதான் எனக்கு உறக்கம் கெடுகிறது. மண் துகளின் மதிப்பு, அதாவது கனமான ஆக்சிஜன் கடல்நீரைவிட எவ்வளவு கூடுதல் என்பது, ஆயிரத்துக்கு 15 என்றும், ஓட்டின் மதிப்பு 42 என்றும் வைத்துக்கொள். ஆக்சிஜனில் வெறும் 5 சதவீதம் மண்ணிலிருந்து வந்தால்கூட விடை 1.35 குறைந்துவிடும். பனி உருகிக் கலந்தாலும் விடை குறையத்தான் செய்யும். அதைவிட மோசம், பனியாறு உருகும்போது மண்ணையும் சேர்த்தே கடலுக்குக் கொண்டுவருகிறது. அதாவது, நாம் தேடுகிற அதே அடுக்கில்தான் நம்மை ஏமாற்றும் பொருளும் அதிகம். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அலுமினியம் எவ்வளவு என்றும் அளக்கிறோம். களிமண்ணில் அலுமினியம் நிறைய, ஓட்டில் மிகக் குறைவு. அலுமினிய அளவு சொல்லாமல் டயட்டம் ஆக்சிஜன் மதிப்பை மட்டும் யாராவது தந்தால் அதை நான் நம்புவதில்லை. கறாராகத் தெரியலாம், ஆனால் இதில் தளர்ந்தால் மிச்சம் எதற்கும் அர்த்தமில்லை.

இரண்டாவது பாடு ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது குவார்ட்ஸ் மாதிரி இறுகிய சிலிக்கா இல்லை, நீரேறிய ஓப்பல். சிலிக்கானோடு ஒட்டிய ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) குழுக்களும் நீரும் அதில் உண்டு. அந்த ஆக்சிஜன் சுற்றியுள்ள எந்த நீரோடும் இடம் மாற்றிக்கொள்ளும். நாம் கழுவும் குழாய்த் தண்ணீரோடுகூட. அதை அகற்றாமல் அளந்தால் கடலை அல்ல, ஆய்வகத்தைத்தான் அளப்போம். எங்கள் வழி படிப்படியான ஃபுளோரினேற்றம், அதாவது ஃபுளோரின் சேர்மத்தைக் கொண்டு ஓட்டைப் படிப்படியாக உடைப்பது. நிக்கல் குழாயில் சில மில்லிகிராம் ஓடு. முதலில் 250 டிகிரி வாக்கில் புரோமின் பென்டாஃபுளோரைடைக் கொஞ்சமாக விட்டு அந்த நீரேறிய பகுதியை மட்டும் உரித்து வெளியேற்றுகிறோம். பிறகு சூட்டை ஏற்றி, வினைப்பொருளைத் தாராளமாக விட்டு, மிஞ்சிய சிலிக்காவை முழுவதும் உடைக்கிறோம். வருகிற ஆக்சிஜனைச் சூடான கிராஃபைட்டில் கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவது கடைசிப் படி. பென்டாஃபுளோரைடு தண்ணீரைக் கண்டால் வெடிக்கும், கண்ணாடியையே தின்னும், கொடிய விஷம். அந்த வாயுக் குழாய் லைனில் நிற்கும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. லேசர் முறை, கார்பன் முறை, அளவறிந்த நீரோடு பரிமாற்றம் செய்யும் முறை என்று வேறு வழிகளும் உண்டு. 2011-ல் பல ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்தபோது இந்த முறைகளின் விடைகள் பெரிதாக முரண்படவில்லை. எனக்கு இந்தத் துறையில் நம்பிக்கை உறுதிப்பட்டது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு மகிழ்ச்சியான விஷயம்: அதே வினையில் சிலிக்கான் டெட்ராஃபுளோரைடும் வருகிறது. அதைப் பிடித்து வைத்தால் சிலிக்கான் ஐசோடோப்பையும், அதாவது எடை வேறான சிலிக்கான் அணுக்களின் விகிதத்தையும், அளக்கலாம்; பாசி எவ்வளவு சிலிக்காவைப் பயன்படுத்தியது என்று அது சொல்லும். அரும்பாடுபட்டுச் சுத்தம் செய்த ஒரே மாதிரியில் இரண்டு விடை.

சரி, இப்போது உன் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இதை வெப்பமானி என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் தவறு என்பது என் எண்ணம். ஒரு டிகிரி மாற்றத்துக்கு ஓட்டின் மதிப்பு சுமார் 0.2 மட்டுமே நகர்கிறது. எங்கள் அளவீட்டின் பிசகே 0.2, 0.3 இருக்கும். தென்பெருங்கடலின் மேல்நீர் சில டிகிரிக்குள் ஊசலாடும்போது அந்தச் சமிக்ஞை எங்கே தெரியும்? ஆனால் பனியாற்று நீரைப் பார். கனமான ஆக்சிஜன் வழியெல்லாம் மழையாகவும் பனியாகவும் இறங்கிவிடுவதால் அன்டார்க்டிகாவில் விழும் பனியில் அது மிகக் குறைவு. கடல்நீரை ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு மைனஸ் 20, உள்நாட்டில் அதற்கும் வெகு கீழே. அப்படிப்பட்ட நீர் 5 சதவீதம் கலந்தாலே கடல்நீர் ஆயிரத்துக்கு 1 இறங்கும். வெப்பத்தால் அவ்வளவு இறங்க ஐந்து டிகிரி சூடாக வேண்டும். ஆகவே கரையோரத்தில் இந்த ஓடு முதன்மையாக நன்னீரின் பதிவேடு. டயட்டம் செழிப்பது வசந்தத்திலும் கோடையிலும் என்பதும் இதற்குச் சாதகம், பனி உருகுவதும் அப்போதுதானே. அன்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்கே பாமர் டீப் என்ற கடலடிப் பள்ளத்தின் வண்டலை வைத்து ஜெனிஃபர் பைக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் செய்தது இதையே: கடைசிப் பனியுகத்துக்குப் பிந்தைய ஹோலோசீன் காலம் நெடுக பனியாறுகள் கடலில் விட்ட நீர் எப்படிக் கூடிக் குறைந்தது என்று டயட்டம் ஆக்சிஜனைக் கொண்டு சொன்னார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலை அது.

ஒரு சங்கடத்தையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. பாசி செத்த பிறகும் ஓடு சும்மா இருப்பதில்லை. வண்டலில் கிடக்கும்போது ஹைட்ராக்சில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சிலிக்கா இறுகுகிறது. அந்த நேரத்தில் சுற்றியுள்ள நீரின் ஆக்சிஜனும் உள்ளே போகிறது. வளர்ப்பில் எடுத்த புது ஓட்டையும் வண்டல் ஓட்டையும் ஒப்பிட்டால் வண்டலுடையது ஆயிரத்துக்குப் பல அளவு உயர்ந்திருக்கிறது. இது எவ்வளவு சீக்கிரம் நடந்து முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரமே நடந்து எல்லா அடுக்கிலும் ஒரே அளவாக முடிந்துவிட்டால், ஏற்ற இறக்கங்களை நம்பலாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு இழுத்தால், இல்லை. இப்போது நான் செய்துகொண்டிருப்பது அதே வேலைதான்: அடுத்தடுத்த அடுக்குகளில் அகச்சிவப்பு நிறமாலையில் ஹைட்ராக்சில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, ஆக்சிஜன் மதிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

உன்னிடம் ஒரு உதவி. கனமான ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நீரில் ஊறவைத்த சிலிக்காவில் பரிமாற்ற வேகத்தை எப்படிக் கணக்கிடுவது என்று நீ முன்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த குறிப்புகள் இருந்தால் அனுப்பு. மகளுக்கு விடுமுறை வரும்போது இங்கே அனுப்பி வை. சல்லடையில் ஆரம்பிக்கட்டும், லைன் பக்கம் அப்புறம் போகலாம். கண்ணுக்கு மருந்து விடுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி