பம்பாயின் ஜாஸ் காலத்தைத் தொடராக எடுக்கப்போகிறவர்களுக்கு

அன்புள்ள இயக்குநர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இசை, கலைப் பிரிவினருக்கும்,

வணக்கம். பம்பாயின் ஜாஸ் காலம் தொலைக்காட்சித் தொடராக வராதா என்று ஏங்கிக் காத்திருப்பவர்கள் நாங்கள். கதைக்குப் பஞ்சமே இல்லை. 1935இல் லியோன் ஆபி தன் அமெரிக்கக் கறுப்பினக் குழுவோடு தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்தார். பின்னாலேயே டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு. கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் நொட்டேஷன், அதாவது மேற்கத்திய இசைக் குறியீடு, படித்துவிட்டு வந்த பையன்கள் அந்த அலையில் எழுந்தார்கள். சிக் சாக்லேட்டும் ஃபிராங்க் ஃபெர்னாண்டும் அவர்களில் இருவர். வெதர்ஃபோர்டு 1945இல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடனக் கூடங்களின் பிழைப்பைக் கெடுத்தது. காதலும் துரோகமும் எப்படியும் எழுதிவிடுவீர்கள். நாங்கள் கேட்பது வேறு: கேமரா முன்னால் நடக்கும் வாசிப்பு மெய்யாக இருக்கட்டும்.

முதலில் டிரம்பெட், ஏனென்றால் தப்பு அதிகம் தெரிவது அதில்தான். விரலால் அழுத்த மூன்றே வால்வுகள். டிரம்பெட்காரர் தாளில் படிக்கும் ஸி ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸி ஸ்வரத்துக்கு எதையும் அழுத்த வேண்டாம். டி என்றால் ஒன்றும் மூன்றும், இ என்றால் ஒன்றும் இரண்டும், எஃப் என்றால் ஒன்று மட்டும். ஜி வந்ததும் மறுபடி எல்லா விரலும் மேலே. ஸியிலிருந்து ஜிக்குத் தாவும்போது விரல் அசையவே அசையாது. உதடும் காற்றும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நடிகர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் விரலை ஆட்டினால், வாசிக்கத் தெரிந்தவர் அந்த நொடியே நம்பிக்கை இழப்பார். ஸ்வரத்துக்கு முன்னால் மூச்சு உள்ளே போக வேண்டும், வயிறு விரிய வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் சின்ன மூடியைத் திறந்து, குழாயில் சேர்ந்த தண்ணீரை ஊதி வெளியேற்ற வேண்டும். இதெல்லாம் கூடிவந்தால் எப்படி இருக்கும் என்பது தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் உண்மையில் நாதஸ்வரம் ஊதியவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் சிவாஜியின் மூச்சையும் கன்னத்தையும் பார்த்தவர்கள் அவரே ஊதினார் என்று நம்பினார்கள்.

முடிந்தால் வாசிக்கத் தெரிந்தவரையே நடிக்க வையுங்கள். அப்படிச் செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது: உதடு ஒரு தசை. நாள் முழுக்க டேக் மேல் டேக் வாங்கினால் மாலையில் மேல் ஸ்வரங்கள் வராது. டிரம்பெட் குளோசப்புகளைக் காலையிலேயே எடுத்து முடியுங்கள்.

நடனக் கூடத்தில் வசனம் வரும் காட்சிகளுக்கு ஒரு வழி உண்டு. பாட்டை ஓடவிட்டு வசனத்தைப் பதிவு செய்ய முடியாது. பாட்டை நிறுத்தினால் ஆடுபவர்கள் ஆளுக்கொரு தாளத்தில் போவார்கள். அதனால் 40 ஹெர்ட்ஸ் அளவில் வெறும் தாளத்துடிப்பை மட்டும் தரையோரப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். கால்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். பேச்சுக் குரல் அதற்கு மேலே இருப்பதால் அந்தத் துடிப்பைப் பிறகு ஃபில்டரில் அகற்றிவிடலாம்.

கலைப் பிரிவினருக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய காலம் என்றதும் எல்லோரும் தேடிப்போகும், கார் முகப்புபோல வரிவரியாக இருக்கும் ஷூர் 55 மைக் 1939இல்தான் வந்தது. 1936 தாஜ் காட்சியில் அது இருக்கவே கூடாது. வாடகைக்குக் கிடைக்கும் சாக்ஸபோன் செல்மர் மார்க் சிக்ஸாக இருந்தால் அது 1954இன் கருவி. அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி, வாய் விரியும் பகுதியில் இருக்கும் இரண்டு பெரிய மூடிகள். பழைய கருவிகளில் அவை வாசிப்பவரின் இடப்பக்கத்திலோ பக்கத்துக்கு ஒன்றாகவோ இருக்கும். செல்மர் அவற்றை வலப்பக்கம் கொண்டுபோனது 1936இல் வந்த பேலன்ஸ்டு ஆக்‌ஷன் மாடலில்.

டிரம்ஸில் பளிச்சென்ற வெள்ளை பிளாஸ்டிக் தோல் 1957க்குப் பிந்தையது. அதற்கு முன் கன்றுத்தோல்தான்: மஞ்சள் பாய்ந்து, நரம்போடி, குச்சி படும் இடம் கறுத்து இருக்கும். பம்பாய் மழைக்காலத்தில் அந்தத் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும், சத்தம் செத்துவிடும். அதனால்தான் அந்தக் கால டிரம்மர்கள் காலால் அடிக்கும் பெரிய பாஸ் டிரம்முக்குள் ஒரு மின்பல்பை எரியவிட்டார்கள். வண்ணம் தீட்டிய முன்தோல் உள்ளிருந்து ஒளிர்வது கேமராவுக்கும் அருமையான காட்சி. தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பாஸில் விலங்குக் குடலில் செய்த நரம்பு போடுங்கள். எஃகுக் கம்பியின் நீண்ட ரீங்காரம் அந்தக் காலத்துக்கு ஒட்டாது.

சுருதியிலும் கவனம் வேண்டும். கூட்டம் சேர்ந்து அறை சூடாகும்போது ஊதும் கருவிகளின் சுருதி ஏறும், பியானோவின் சுருதி அதோடு சேர்ந்து ஏறாது. வாசிப்பவர்கள் டியூனிங் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்வார்கள். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒருவர் அதைச் செய்வதைக் காட்டினாலே போதும், அது வேலை செய்கிற குழு என்று தெரிந்துவிடும். 1936இல் டிரம்மரின் கால் நான்கு அடியையும் பாஸ் டிரம்மில் போட வேண்டும். தாளத்தை முழுக்க சிம்பலுக்கு மாற்றி, பாஸ் டிரம்மைத் திடீர் அடிகளுக்கு வைத்துக்கொண்டது பீபாப் என்ற பிந்தைய ஜாஸ் பாணி. அது 1940களின் கதை. இசைத்தட்டுப் பதிவுக் காட்சியில் தனி வாசிப்பை இழுக்காதீர்கள். பத்து அங்குல 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் இடம்.

எழுத்தாளர்களே, ஒத்திகை அறையில் எல்லோரையும் ஆங்கிலம் பேச வைக்காதீர்கள். கோவாக் கலைஞர்களுக்குள் கொங்கணிதான். கோவா 1961 வரை போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து பிழைக்க வந்தவர்களில் பலர் பம்பாயின் தோபி தலாவ் பக்கம் தங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய 'கூட்' விடுதிகளில் தங்கினார்கள். ராத்திரி கோட்டும் போ டையுமாகத் தாஜில் வாசித்த ஆள் வரிசையாகப் பெட்டிகள் அடுக்கிய பொது அறைக்குத் திரும்புகிறார் என்றால், அதற்கு மேல் வசனம் எதற்கு?

சினிமா ஸ்டுடியோ பகுதியைத் தயவுசெய்து அவசரமாகக் கடக்காதீர்கள். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டைப் பாடிக் காட்ட, அதைத் தாளில் இறக்கி, வயலினுக்கும் டிரம்பெட்டுக்கும் தனித்தனிப் பகுதி எழுதிக்கொடுத்தவர்கள் ஆண்டனி கொன்சால்வெஸ், செபாஸ்டியன் டிசோசா போன்ற அரேஞ்சர்கள். படத்தின் டைட்டிலில் இத்தகையவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. உங்கள் தொடரில் அது நடக்க வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் எந்தக் கருவியை யார் வாசித்தார் என்று, ஓடும் எழுத்தில் இல்லாமல், நின்று படிக்கும்படி போடுங்கள். திரையில் டிரம்பெட்டைப் பிடித்தவர் ஒருவர், ஊதியவர் வேறொருவர் என்றால் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

அன்புடன்,
ஜாஸ் கேட்பவர்களும் வாசிப்பவர்களுமாகிய சிலர்