மாலை வைத்தவர்கள் போதும், போனவரைச் சொல்லுங்கள்

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் காலமானார் பகுதியைத் தேடுகிற ஆள் நான். "விடிஞ்சதும் விடியாததுமா இழவுச் செய்தியா?" என்று வீட்டில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். இரங்கல் கட்டுரை என்றால் சாவு அதில் ஒரு வரிதான், மிச்சமெல்லாம் வாழ்க்கை என்பது என் வாதம். ஆனால் உங்கள் பக்கங்களைக் காட்டி இதை என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

2012 பிப்ரவரியில் ஜான் ஃபேர்ஃபாக்ஸ் என்பவர் அமெரிக்காவில் 74 வயதில் இறந்தார். அதுவரை அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. நியூயார்க் டைம்ஸில் மார்கலிட் ஃபாக்ஸ் அவரைப் பற்றி எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது. ஒன்பது வயதில் ஒரு தகராறைத் துப்பாக்கி எடுத்துத் தீர்த்த பையன். பதின்மூன்றில் அமேசான் காட்டுக்கு ஓட்டம். இருபது வயதில் வாழ்க்கை வெறுத்துப்போய், சாவதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஜாகுவாரிடம் அடிபட்டுச் சாவது. ஜாகுவார் எதிரே வந்து நின்றபோது புத்தி தெளிந்துவிட்டது. நல்லவேளையாகக் கையில் துப்பாக்கியும் இருந்தது. அப்புறம் கொஞ்ச காலம் கடத்தல் தொழில். 1969இல் கேனரி தீவுகளிலிருந்து தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டு, 180 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஃப்ளோரிடாவில் கரையேறினார். மறுநாள் மனிதன் நிலவில் இறங்கினான். அப்போலோ 11 வீரர்கள் இவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். அது போதாதென்று 1971இல் சில்வியா குக் என்ற பெண்ணோடு பசிபிக்கில் இறங்கி, 361 நாள் துடுப்புப் போட்டு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். பின்னாளில் சீட்டாட்டம்தான் பிழைப்பு.

இவர் எனக்கு யார்? யாருமில்லை. அதுதான் இதில் ருசியே. தெரிந்தவர் செத்துப்போனால் நமக்குத் துக்கம் இருக்கிறது, கடன் பாக்கி இருக்கிறது, எடுத்துப் பேசாமல் விட்ட போன் இருக்கிறது. தெரியாதவர் விஷயத்தில் இந்தச் சுமை எதுவும் கிடையாது. முடிவு முன்னாலேயே தெரிந்த கதை என்பதால், நடுவில் என்ன நடந்தது என்பதில் மட்டும் மனசு நிற்கிறது.

உங்கள் பக்கங்களில் என்ன இருக்கிறது? பிரபலம் ஒருவர் இறந்தால் முதல் பத்தியில் வயதும் மருத்துவமனையும். அடுத்த நான்கு பத்திகளில் யார் யார் மாலை வைத்தார்கள், யார் யார் அறிக்கை விட்டார்கள். எல்லா இழப்பும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. இறந்தவரைப் பற்றிய செய்தியில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்தான் அதிகம். பிரபலம் இல்லாதவருக்கோ காசு கொடுத்துப் போடும் கட்டம் மட்டும்தான்.

அந்தக் கட்டங்களையும் நான் விடுவதில்லை. அதிலும் படிக்க விஷயம் உண்டு. சிவலோகப் பதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், இயற்கை எய்தினார் என்று வினைச்சொல்லைப் பார்த்தாலே அது எந்த வீடு என்று தெரிந்துவிடும். இயற்கை எய்தியவர் வீட்டில் பெரியார் படம் இருக்கும் என்று பந்தயமே கட்டலாம்.

இதில் இலங்கைத் தமிழர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்களின் மரண அறிவித்தல் "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், வவுனியா, கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். அந்த ஒற்றை வரிக்குள் ஒரு போரும் ஒரு விமானப் பயணமும் ஒளிந்திருக்கும். அப்புறம் "அன்னார்" என்று ஆரம்பித்து மக்கள், மருமக்கள், சகோதரங்கள் பெயர்களை அடுக்குவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு ஊரோ நாடோ: லண்டன், நோர்வே, சுவிஸ். முன்பு இலங்கை வானொலியில் இவற்றை வாசிப்பார்கள். வேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அன்னார் என்ன செய்தார், எதற்குச் சிரிப்பார் என்று கடைசி வரை தெரியாது. உறவு மட்டும்தான் மிஞ்சும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அத்தை வீட்டு மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் இறந்தபோது விளம்பரம் கொடுக்க ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு நான்தான் போனேன். "கார்பன் குச்சியின் வெளிச்சத்தில் முப்பது வருடம் ஊருக்குப் படம் காட்டியவர்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர் பேனாவால் அதை அடித்துவிட்டார். "துக்கச் செய்தியில இதெல்லாம் போடுற வழக்கம் இல்ல சார். வேணும்னா 'திரைத்துறையைச் சேர்ந்தவர்'னு போட்டுக்கலாம்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

மாமாவின் நிஜமான இரங்கல் கட்டுரை சாவு வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் வாயில் இருந்தது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்துதான் அந்தக் கால புரொஜெக்டருக்கு வெளிச்சம். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை மங்கிவிடும். மாமா திரையைப் பார்க்காமலே, குச்சி போடும் சத்தத்தை வைத்துத் திருகுவாராம். அவருக்குப் பிடிக்காத பாட்டு என்றால் இரண்டாம் ஆட்டத்தில் அந்தப் பாட்டே வராது. "ஒரு தடவ கிளைமாக்ஸையே முழுங்கிட்டாரு, கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்னு" என்று ஒரு பெரியவர் சொன்னார். பந்தலே சிரித்தது. உள்ளே அழுதுகொண்டிருந்த அத்தையும் சிரித்ததாக அப்புறம் சொன்னார்கள்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பீர்கள். குறை சொல்ல வேண்டாம், உப்பு போட்டால் போதும். லண்டன் டெய்லி டெலிகிராஃபில் 1986 முதல் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ஹ்யூ மாசிங்பெர்ட் இதை ஒரு கலையாகவே ஆக்கினார். "கூடிக் களிப்பதில் விருப்பமுள்ளவர்" என்று அங்கே அச்சானால் ஆள் மொடாக்குடியர் என்று வாசகருக்குப் புரியும். நாசூக்காகச் சொல்வதற்குத் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

வழக்கம் இல்லை என்று கவுன்டர்காரர் சொன்னாரே, அதற்கும் பதில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் பேரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். 2007இல் தி எகனாமிஸ்ட் ஏடு அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குத் தன் இரங்கல் பக்கத்தை ஒதுக்கியது. நிறமும் வடிவமும் எண்ணிக்கையும் சொல்லத் தெரிந்த கிளி அது. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் முப்பது வருடம் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கிளிக்கா இரங்கல் என்று நாம் வியக்கலாம். நாம்தான் நாய்க்கு ஏழாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டோமே! அந்தக் கல்தச்சன் போட்டதைத்தான் என் மாமாவுக்கும் கேட்டேன்: பேர், ஊர், என்ன செய்தார்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் ஒழுங்கு என்றும் சொல்ல மாட்டேன். 2013இல் இவான் பிரில் என்ற பெண் ராக்கெட் விஞ்ஞானி இறந்தார். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதையிலிருந்து விலகாமல் இருக்க உதவும் உந்துபொறியை உருவாக்கியவர். நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிய கட்டுரையை எப்படித் தொடங்கியது தெரியுமா? அவர் மாட்டிறைச்சிக் குழம்பு பிரமாதமாகச் செய்வார் என்று. வாசகர்கள் கொதித்ததும் குழம்பை எடுத்துவிட்டார்கள். 1851இல் தொடங்கிய அதே பத்திரிகை, பெண்களையும் பிறரையும் இத்தனை காலம் விட்டுவிட்டோம் என்று 2018 மகளிர் தினத்தன்று ஒப்புக்கொண்டு, விடுபட்டவர்களுக்கு இரங்கல் எழுத ஆரம்பித்தது. 1969இல் இறந்த நடிகை மதுபாலாவுக்கு அப்போதுதான் இடம் கிடைத்தது. நம் கட்டங்களிலோ பெண்கள் இன்னும் இன்னாரின் துணைவியாராக, இன்னாரின் தாயாராகத்தான் இறக்கிறார்கள். குழம்பு கூட வருவதில்லை.

முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்று கேட்கவில்லை. அங்கே அது சகஜம். ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர் 2011இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையை எழுதிய மெல் குஸ்ஸோ 2005இலேயே போய்ச் சேர்ந்திருந்தார்! நம் ஊரில் உயிரோடு இருப்பவரிடம் போய் "உங்கள் இரங்கலுக்காகச் சில கேள்விகள்" என்றால் செருப்பு பறக்கும்.

நான் கேட்பது வாரம் ஒரு அரைப் பக்கம். ஆட்டோ ஓட்டியவர், ஊசிமணி விற்றவர், கணக்கு வாத்தியார், கள்ளச் சாராயம் காய்ச்சித் திருந்தியவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு நிருபரை அனுப்புங்கள். மகன் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வராமல், பந்தலில் கடைசி வரிசை நாற்காலியில் இருப்பவரிடமும் அவர் பேசட்டும். மாலை வைத்தவர்கள் பட்டியல் வேண்டாம்.

முதல் வாரத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் மாமா இருக்கிறார். தேதி கொஞ்சம் பழசுதான், மதுபாலா அளவுக்கு இல்லை. அத்தைக்கு இன்னும் நினைவு நன்றாக இருக்கிறது. மதியம் தூங்கி எழுவார், மூன்று மணிக்கு மேல் நிருபரை அனுப்புங்கள். எந்தெந்தப் பாட்டை மாமா முழுங்கினார் என்று வரிசையாகச் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்